கண்ணாடித் தட்டில் ஒரு கறை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் ஒரு மாதமாக என் பின்னாலேயே அலைந்தார். கவிதை எனக்கு வராது. ஜோக் எழுதினால் நானே சிரிக்க மாட்டேன். அதனால் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். காமராசர், பாரதியார், அப்துல் கலாம் மூவரையும் நம்ம மலரில் வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப் போவது தினமும் நம்ம ஒர்க்‌ஷாப் ஜன்னலில் தெரிகிற அந்த மேற்கு மலையில் இருந்தவரைப் பற்றி.

எங்க கிளாசில் கேட்டுப் பாத்தேன், வேணு பாப்பு யாருன்னு தெரியுமா என்று. ரெண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருத்தன் காந்தியைச் சொன்னான். இன்னொருத்தன் டீ குடிக்கப் போகலாமான்னு கேக்கத்தான் கை தூக்கியிருக்கான்!

போன மாசம் வரை எனக்கும் தெரியாதுதான். அதனால் யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

கதையை நான் பழனி ரோட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்க ஊர் வேடசந்தூர் பக்கம். தைப்பூசத்துக்கு அப்பாவோடு பாதயாத்திரை போவது எனக்கு ஏழு வயசிலிருந்து பழக்கம். ஒட்டன்சத்திரம் தாண்டி இருட்டில் நடக்கும்போது அப்பா தலைக்கு மேலே காட்டுவார். உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு சின்னக் கொத்து. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் அது என்பார். எண்ணச் சொல்லுவார். நான் ஆறு எண்ணுவேன். சில நாள் ஐந்துதான் வரும். அப்பா படித்தது ஐந்தாவது வரை. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷமாக லீவர் ராவுகிறார். அம்மா நூல் மில்லுக்குப் போகிறார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அந்தக் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு அல்ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்கின்றன. சுமார் 440 ஒளியாண்டு தூரம். வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம், முழு நிலாவை வரிசையாக நான்கு வைத்தால் வரும் அகலம். பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் அதில் ஒரு மூலைதான் தெரியும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமானால் அகலமாகப் பார்க்கும் கருவி வேண்டும். நம் கதாநாயகர் உலகத்துக்குத் தெரிய வந்ததே அப்படி ஒரு கருவியால்தான்.

மணலி கல்லாட் வேணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்தின் வடபகுதி. வளர்ந்தது ஐதராபாத்தில். அவருடைய தந்தை அங்கே நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

இந்த நிஜாமியா பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு தன் சொந்த ஆசைக்கு 1901-ல் ஆரம்பித்தது. பிறகு நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது. 1887-ல் பாரிசில் கூடிய வானியலாளர்கள், முழு வானத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி என்று போட்டோ எடுத்து ஒரு பெரிய அட்டவணை போடுவதாகத் தீர்மானித்தார்கள். உலகம் முழுக்க சுமார் 20 நிலையங்கள் அதில் சேர்ந்தன. அதில் ஒன்று நம் ஐதராபாத்! ஒவ்வொரு கண்ணாடித் தட்டிலும் இரண்டு டிகிரிக்கு இரண்டு டிகிரி வானம். அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எழுத வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் கையும் நோட்டும்தான். அப்படியே ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர இடங்களை அளந்து புத்தகங்களாக வெளியிட்டார்கள். நாம் மெட்ராலஜி லேபில் பத்து ரீடிங் எடுப்பதற்குள் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறோம்? யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சூழ்நிலையில் வளர்ந்த பையன் வானத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிஜாம் கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போதே, வெளிச்சம் கூடிக் குறையும் மாறு விண்மீன்களைக் கவனித்து, 1946-ல் ஆராய்ச்சிக் குறிப்பும் வெளியிட்டுவிட்டார். வயது 19. நமக்கு ஒரு வயசுதான் கூட!

அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர் ஹார்லோ ஷாப்லி. கோளக் கொத்துகள் என்ற பழைய நட்சத்திரக் கூட்டங்களின் தூரத்தை அளந்து, சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரத்தில் கிடக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர். அவர் இந்தியா வந்தபோது இளைஞர் பாப்பு அவரைச் சந்தித்தார். ஐதராபாத் அரசின் உதவித்தொகையும் கிடைத்தது. 1949-ல் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார்.

ஹார்வர்டில் வானத்தைப் படம் எடுத்த கண்ணாடித் தட்டுகள் மட்டுமே ஐந்து லட்சம் அளவுக்கு இருக்கின்றன. அங்கே ஸ்மித் வகைத் தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது பிடிக்கும் என்பதால் விளக்குகிறேன்.

தொலைநோக்கிக் கண்ணாடியைக் கோள வடிவில் தேய்ப்பது எளிது. ஆனால் கோள வடிவம் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்காது. அதனால் பரவளைய வடிவில் தேய்ப்பார்கள். அதில் இன்னொரு தொந்தரவு. படத்தின் நடுவில் நட்சத்திரம் புள்ளியாக விழும், ஓரத்தில் வால் முளைத்துத் தேங்காய்க் கீற்று மாதிரி ஆகிவிடும். நட்சத்திரக் கூட்டம் மாதிரி அகலமான சங்கதியைப் படம் எடுக்க அது உதவாது. எஸ்டோனியாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த பெர்னார்டு ஸ்மித் என்பவர் 1930-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கோளமாகவே விட்டுவிட்டு, அதன் வளைவு மையத்தில் லேசாக நெளிவு கொடுத்த ஒரு மெல்லிய லென்ஸ் தட்டை வைத்தார். கோளத்தின் குற்றத்தை அந்தத் தட்டு முன்கூட்டியே எதிர்த்திசையில் திருத்திவிடும். பல டிகிரி அகலத்துக்குப் படம் கூர்மையாக விழுந்தது. ஒரே நிபந்தனை, பிம்பம் விழும் பரப்பு வளைவாக இருக்கும். அதனால் போட்டோத் தட்டையே வளைத்துப் பொருத்த வேண்டும். இந்த ஸ்மித் சின்ன வயதில் வெடிமருந்து வைத்து விளையாடி வலக்கையை இழந்தவர். மிச்சமிருந்த ஒரே கையால்தான் இத்தனை கண்ணாடியும் தேய்த்தார்.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். 1949 ஜூலை 2.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பது என்றால் என்ன வேலை தெரியுமா? வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தட்டை இருட்டறையில் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் பூச்சு என்று இருட்டில் தெரியாதே! ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் பூச்சுப் பக்கம். பெட்டியில் பூட்டி, தொலைநோக்கியில் பொருத்தி, மூடியைத் திறந்தால், பூமி சுற்றுவதற்கு ஈடாகத் தொலைநோக்கியும் சுற்ற வேண்டும். பல்சக்கரத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் நட்சத்திரம் கோடாகிவிடும். அதனால் வழிகாட்டித் தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ, கண்ணை எடுக்காமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு திரும்ப இருட்டறை. டெவலப்பர், ஹைப்போ, ஓடும் தண்ணீர், காயவைத்தல். தட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்புப் புள்ளியாகவும் நிற்கும்.

அப்படிக் காய்ந்த ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த 21 வயது பாப்புவின் கண்ணில், புள்ளியாக இல்லாமல் கலங்கலாக ஒரு கறை பட்டது.

கண்ணாடித் தட்டில் கறை என்பது சாதாரணம். விரல் ரேகை, தூசி, பூச்சில் குமிழி, தண்ணீர் காய்ந்த தடம், பக்கத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரத்தின் பேய் பிம்பம் என்று நூறு காரணம் இருக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே ஒரு கலங்கலைத் துடைத்துவிட்டுப் போவதுதான் மனித சுபாவம். அவர் துடைக்கவில்லை. கறையா நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே இடத்தை மறுபடி எடுப்பது. தூசியாக இருந்தால் அடுத்த தட்டில் இருக்காது. தூரத்து நட்சத்திரக் கொத்தாகவோ மேகமாகவோ இருந்தால் அதே இடத்தில் இருக்கும். இருந்து, ஆனால் இடம் மாறியிருந்தால்...?

இடம் மாறியிருந்தது! அது ஒரு புதிய வால் நட்சத்திரம்.

அவரோடு பணியாற்றிய பேராசிரியர் பார்ட் பாக், மாணவர் கார்டன் நியூகர்க் இருவரின் பெயரும் சேர்ந்து பாப்பு - பாக் - நியூகர்க் என்று அதற்குப் பெயர் வந்தது. பசிபிக் வானியல் கழகம் அந்த ஆண்டே டோனஹோ வால்மீன் பதக்கம் கொடுத்தது. ஹார்வர்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

1952-ல் டாக்டர் பட்டம். அடுத்து கார்னகி உதவித்தொகையில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் நிலையங்கள். உலகத்திலேயே பெரியதான 200 அங்குலத் தொலைநோக்கி அப்போது அங்கேதான் இருந்தது. அங்கே ஆலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து பாப்பு செய்த வேலைதான் இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் நிற்கிறது.

நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கால்சியம் தனிமம் ஊதா ஓரத்தில் ஓர் இருண்ட கோடு போடும். அதன் பெயர் கே கோடு. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களிலும், அதைவிடக் குளிர்ந்தவற்றிலும் அந்த இருட்டுக்கு நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தெரியும். அந்தக் கீற்று எவ்வளவு அகலமோ, நட்சத்திரம் நிஜத்தில் அவ்வளவு பிரகாசமானது என்று இருவரும் கண்டார்கள். நிஜப் பிரகாசம் தெரிந்தால், நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். தூரத்தில் எரியும் பல்பு எத்தனை வாட் என்று தெரிந்தால் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்வது மாதிரி. 1957-ல் வெளியான இதற்கு வில்சன் - பாப்பு விளைவு என்று பெயர். இந்த அளவுகோலை நிலைநிறுத்த சூரியனும், ரோகிணி நட்சத்திரத்தின் பக்கத்தில் ஆங்கில வி எழுத்து மாதிரி தெரியும் ஹையடிஸ் கூட்டத்தின் நட்சத்திரங்களும் பயன்பட்டன. அந்தக் கூட்டத்தின் தூரம் சுமார் 150 ஒளியாண்டு. கார்த்திகைக்குப் பக்கத்து வீடு. பாதயாத்திரை போகும்போது அதையும் பார்க்கலாம்.

இத்தனையும் ஆன பிறகு, 1953-ல் அவர் ஊர் திரும்பினார். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். உலகத்தின் பெரிய தொலைநோக்கி கையில் இருக்கிறது. பெயர் இருக்கிறது. வயது 26. இந்தியாவில் அப்போது நட்சத்திரம் பார்க்க உருப்படியான பெரிய கருவி ஒன்றுகூட இல்லை. எங்க சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வெல்டராக இருக்கிறார். திரும்பி வரவே மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானும் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டிருக்கிறேன். ஆனால் பாப்பு ஏன் வந்தார் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

வந்தவர் காசியில் அப்போதுதான் தொடங்கிய உத்தரப் பிரதேச அரசு வானாய்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். காசியின் புழுதியில் வானம் தெரியாது என்று அதை நைனிடால் மலைக்குக் கொண்டுபோனார். 1960-ல் நம்ம கோடைக்கானலுக்கு இயக்குநராக வந்தார். 33 வயது கூட நிரம்பவில்லை. அப்போது கோடைக்கானல் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான்.

கோடை வானாய்வு நிலையம் சும்மா வந்தது கிடையாது. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் செத்து விழுந்த தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு ஒரு யோசனை. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ? அப்படியானால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாமே? அதற்காகச் சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு மலை தேடி, கடைசியில் கோடைக்கானலைப் பிடித்தார்கள். 1899-ல் நிலையம் வந்தது. 2343 மீட்டர் உயரம். மழையைச் சொல்ல முடிந்ததா என்றால் இல்லை! ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைத் தினமும் போட்டோ எடுத்துச் சேர்த்த கண்ணாடித் தட்டுகள் உலகத்தில் வேறெங்கும் அவ்வளவு நீளமாகக் கிடைக்காத சொத்து. அதிலும் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சூரியனைப் படம் எடுத்தது அதே கால்சியம் கே கோட்டில்! கலிபோர்னியாவில் நட்சத்திரங்களின் கே கோட்டை அளந்த மனிதர், அந்தக் கோட்டிலேயே அரை நூற்றாண்டாகச் சூரியனைப் பிடித்து வைத்திருந்த மலைக்கு வந்து சேர்ந்தார். சூரியனின் மேல் தெரியும் சிறு சிறு ஒளித் திட்டுகளை அளந்து, நட்சத்திரங்களில் தெரியும் அந்தக் கீற்றுக்கு அவைதான் மூலம் என்று சிவராமனோடு சேர்ந்து 1971-ல் எழுதினார்.

ஆனால் அவருக்கு ராத்திரி வானம் வேண்டும். கோடையில் காலையில் சூரியன் நன்றாகத் தெரியும், ராத்திரி மேகம் மூடிக்கொள்ளும். போன வருஷம் டூர் போனபோது நமக்கே தெரிந்ததே, கோக்கர்ஸ் வாக்கில் நின்று பக்கத்தில் நின்றவன் முகம் தெரியவில்லை! எனவே அவர் வேறு இடம் தேடினார். ஊர் வெளிச்சம் இருக்கக் கூடாது. முடிந்த வரை தெற்கே இருக்க வேண்டும், ஏனென்றால் வடக்கே இருக்கிற நாடுகளுக்குத் தெரியாத தென்வானத்துக் கூட்டங்கள் நமக்குத் தெரியும். ஒமேகா சென்டாரி என்ற மிகப் பெரிய கோளக் கொத்து ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தெரியவே தெரியாது, நம்ம வானத்தில் சித்திரை மாதம் நன்றாக மேலேறும். கடைசியில் ஜவ்வாது மலையில், சந்தன மரக் காட்டுக்கு நடுவே காவலூர் என்ற சின்ன மலைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். உயரம் 725 மீட்டர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலே ஏற வேண்டும்.

அங்கே 1968-ல் முதலில் கண் திறந்தது ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அது எங்கே செய்தது தெரியுமா? இறக்குமதி இல்லை. கோடைக்கானல் நிலையத்தின் சொந்தப் பட்டறையில்!

நண்பர்களே, நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். டிப்ளமோதானா என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எங்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவர் பாயசம் சாப்பிடவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

நம் பட்டறையில் மைக்ரோமீட்டர் காட்டும் மிகச் சின்ன அளவு 0.01 மில்லிமீட்டர். தொலைநோக்கிக் கண்ணாடியின் பரப்பு அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் துல்லியமாக இருக்க வேண்டும், ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு. அதை எந்த லேத்தும் கொடுக்காது. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் பொடியைத் தூவித் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மேல் வட்டு குழிந்துகொண்டே வரும், கீழ் வட்டு புடைக்கும். பொடியை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீலில் பாலிஷ். பிறகு ஒரு கத்தி முனையை ஒளிப் புள்ளிக்குக் குறுக்கே கொண்டுவந்து நிழலைப் பார்க்க வேண்டும். எங்கே மேடு எங்கே பள்ளம் என்று நிழல் சொல்லும். கை வைத்துத் தேய்த்த சூட்டிலேயே கண்ணாடி உப்பிவிடும். ஆறும் வரை காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் ராவும்போதும் கடைசி ரெண்டு இழுப்புக்கு அளவுகோல் உதவாது, கைக்குத்தான் தெரியும் என்றார்.

காவலூருக்கு 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜெய்னாவிலிருந்து ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி, ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகும் நேரத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே வெளிச்சம் சட்டென்று விழுந்து எழுந்தது. அதே ராத்திரியில் உலகின் வேறு சில இடங்களிலும் அப்படி விழுந்தது பதிவானது. யுரேனசுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. அங்கேயும் பாருங்கள், வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளம். கருவிக் கோளாறு என்று தள்ளியிருக்கலாம்.

இதற்கிடையில் அதுவரை வானிலைத் துறையின் கீழ் இருந்த நிலையத்தைத் தனியே பிரித்து, 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆக்கினார்கள். பாப்புதான் இயக்குநர். தலைமையகம் பின்னர் பெங்களூருக்குப் போனது. பட்நாகர் பரிசு, 1981-ல் பத்ம பூஷண் எல்லாம் வந்தன. 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்குத் தலைவரானார்.

அவர் மனதில் இருந்தது இவற்றை எல்லாம் விடப் பெரிய ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி, முழுக்க முழுக்க இங்கேயே வடிவமைத்து, இங்கேயே தேய்த்து, இங்கேயே கட்டுவது. கண்ணாடி வட்டு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. பெங்களூரில் ஜெயராஜன் தலைமையில் ஒளியியல் பட்டறை அதைத் தேய்க்க ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் தேய்த்தார்கள்.

1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் மாநாடு. தலைவர் என்ற முறையில் பாப்பு அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருதய அறுவை சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். ஆகஸ்ட் 19-ஆம் தேதி அங்கேயே இறந்தார். 55 வயது முடிந்து ஒன்பது நாள்.

1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அந்தப் பெரிய தொலைநோக்கிக்கு வேணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். கட்ட நினைத்தவர் அதன் வழியே ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதே காவலூரில் 1988 பிப்ரவரியில், ஸ்மித் வகைத் தொலைநோக்கியில் எடுத்த படங்களிலிருந்து ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பாப்புவின் பெயரிலும் ஒரு குறுங்கோள் சுற்றுகிறது, எண் 2596.

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இதையெல்லாம் படித்த சூட்டில், நானும் கார்த்திகைக் கூட்டத்தைப் படம் எடுக்கக் கிளம்பினேன். கேமரா இல்லை. சித்தப்பா மகனின் செல்போன். ஸ்கிராப் பட்டையில் நானே வளைத்து, துளை போட்டு ஒரு ஸ்டாண்டு செய்தேன். வீட்டு மொட்டை மாடியில் ஒவ்வொன்றும் நான்கு செகண்டு என்று 60 படம் எடுத்தேன். நான்கு செகண்டுக்கு மேல் போனால் பூமி சுற்றுவதால் புள்ளி நீண்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் தொலைநோக்கியைச் சுற்றினார்கள், இப்போது படங்களைக் கம்ப்யூட்டரில் நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்று அடுக்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு படத்திலும் இரைச்சல் வெவ்வேறு இடத்தில் விழும், நட்சத்திரம் மட்டும் அதே இடத்தில் நிற்கும். அறுபதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி நட்சத்திரம் மேலே வரும். லென்சை மூடிக்கொண்டும் இருபது படம் எடுக்க வேண்டும். சென்சாரின் சொந்தக் கோளாறு அதில் பதியும், அதை நிஜப் படத்திலிருந்து கழித்துவிடலாம். டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளே இதைச் செய்துவிடுகிறது.

முதல் நாள் போகஸ் தவறி எல்லாம் பணியாரமாக வந்தது. இரண்டாம் நாள் பரவாயில்லை. ஆனால் திண்டுக்கல் பக்கத்து வெளிச்சம் படத்தின் அடியில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கான்ட்ராஸ்டை ஏற்றி, இரைச்சல் நீக்கியைப் போட்டு, வானத்தை மைக்கறுப்பாக ஆக்கினேன். ஸ்டேட்டஸில் போட்டேன். ஐம்பது பேர் சூப்பர் என்றார்கள்.

அதன் பிறகுதான் பாப்புவின் அந்த ஜூலை ராத்திரியைப் படித்தேன். ஒரு சந்தேகம் வந்து பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். துடைப்பதற்கு முன்னால் வடக்கு மூலையில் இரண்டு கலங்கல் திட்டுகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. நான் அழகாக்கிய படத்தில் அந்த இடம் காலி. லென்சில் கைரேகை என்று நினைத்து நானே அழித்திருக்கிறேன்!

அன்றைக்கு ராத்திரியே அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். லென்சைத் துடைத்தேன். மறுபடி 60 படம். விடிய ஒரு மணிக்கு அடுக்கி முடித்தேன். அதே இடத்தில், அதே இரண்டு திட்டு. நகரவில்லை. எனவே வால் நட்சத்திரம் இல்லை, என் பெயரை யாரும் வைக்கப் போவதில்லை. வரைபடத்தில் தேடினேன். பெர்சியஸ் மண்டலத்தின் இரட்டைக் கொத்து. ஏழாயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு நட்சத்திரக் கூட்டம்.

அப்பா கார்த்திகையைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டு, ஸ்கிரீனில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரை வந்தது. அப்புறம் எது நட்சத்திரம் எது இரைச்சல் என்று தெரியவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பாரு, அதே இடத்துல இருந்தா சேத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, காலை ஷிப்டு இருப்பதால் படுக்கப் போனார்.